எந்த ஹார்வி, எந்த ஆண்டு?

தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர், மதுரை மாவட்டங்களில் பஞ்சையும் நூலையும் நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு ‘ஹார்வி மில்’ என்ற பெயரை யாரும் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கோவில்பட்டிச் சுற்றுவட்டாரக் கரிசலில் விளைந்த பருத்தி நூலாக மாறிய இடங்களில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முன்னால் நின்றவை ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்விகளின் ஆலைகள். ஆனால் அந்த ஹார்வி யார், எப்போது தொழில் தொடங்கினார், எதற்கெல்லாம் முதலாளி என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ஒரே துரை என்பார் சிலர், இருவர் என்பார் சிலர். முதல் ஆலைக்கு ஒரு நூலில் 1883, இன்னொன்றில் 1885. மதுரை ஆலைக்கு 1889, 1892 என்று இரண்டு ஆண்டுகள். கப்பல் முதலாளி என்று ஒரு பேச்சு, மில் முதலாளி என்று இன்னொரு பேச்சு. பழைய கதை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கைகழுவிவிடலாம். அப்படிச் செய்யத் தேவையில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இவற்றில் பெரும்பாலானவை முரண்களே அல்ல. வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் ஒரே பெயரின் கீழே கலந்து கிடக்கின்றன. கேள்விகளைப் பிரித்து வைத்தால் ஆண்டுகள் ஒழுங்காகும். கரிசலுக்கும் அந்த ஆலைகளுக்கும் இருந்த உறவைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் கதையும் மாறும்.

முதலில் ஆளைப் பார்ப்போம். ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்று அண்ணன் தம்பி இருவர். இருவரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் ‘ஏ அண்ட் எஃப் ஹார்வி’ என்ற நிறுவனம். நடுவிலுள்ள ‘அண்ட்’ விடுபட்டு ‘ஏ.எஃப். ஹார்வி’ என்று எழுதப்பட்டால், அப்பா பெயரின் எழுத்தையும் தன் பெயருக்கு முன் போட்டுக்கொள்ளும் தமிழ் வாசகருக்கு அது ஒரே மனிதரின் பெயராகத்தான் தோன்றும். அதன் பிறகு அண்ணன் செய்ததும் தம்பி செய்ததும், அவர்கள் காலத்துக்குப் பின் கம்பெனி செய்ததும், அந்த ஒரே ‘துரை’யின் கணக்கில் ஏறிவிடும். தொழிலாளர்களுக்காகத் திருப்பரங்குன்றம் பக்கம் எழுந்த ஹார்விபட்டி இதற்கு நல்ல உதாரணம். அது 20-ஆம் நூற்றாண்டில் நிறுவனம் அமைத்த குடியிருப்பு. 1880-களில் வந்திறங்கிய ஒருவர் தாமே நின்று கட்டிய ஊர் என்று அதைச் சொன்னால், அவருடைய ஆயுளைத் தேவைக்கேற்ப நீட்டித்தான் கதையைக் காப்பாற்ற முடியும். ஒரு வாழ்க்கை வரலாற்றில் ஒருவர் அளவுக்கு மீறி நெடுங்காலம் உழைத்ததாகத் தெரிந்தால், அங்கே ஒருவருக்கு மேற்பட்டவர் இருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை வைப்பது பழைய வழக்கம், நம் ஊரைப் போலவே. அதனால் ஒரே பெயர் தலைமுறைதோறும் திரும்பி வரும். ஏதோ ஒரு பதிவேட்டில் ‘ஆண்ட்ரூ ஹார்வி’ என்று கண்டதும் அவர்தான் இவர் என்று முடிச்சுப் போடுவது ஆபத்து. தொழிலும் ஊரும் உடன்பிறந்தவர் பெயரும் சேர்ந்து பொருந்தினால்தான் அந்தப் பதிவைக் கணக்கில் எடுக்கலாம்.

அடுத்தது ஆண்டுக் குழப்பம். நூற்பாலை என்பது ஒரே நாளில் பிறப்பதில்லை. பங்குதாரர்கள் சேர்ந்து ஒப்பந்தம் எழுதுவது ஒரு நாள். கம்பெனியாகப் பதிவு செய்வது இன்னொரு நாள். அந்தக் காலத்தில் அதற்குரியது 1882-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டம். பிறகு நிலம் வாங்க வேண்டும், கட்டடம் எழ வேண்டும், இங்கிலாந்திலிருந்து இயந்திரம் கப்பலேறி வர வேண்டும், அதைப் பூட்ட வேண்டும், ஆட்களைப் பழக்க வேண்டும். முதல் நூல் வெளியே வருவது அதற்கும் பிறகு. பாபநாசத்தில், விக்கிரமசிங்கபுரத்தை ஒட்டி எழுந்த திருநெல்வேலி மில்லுக்கு 1883 என்று ஒருவரும் 1885 என்று இன்னொருவரும் எழுதினால் இருவரில் ஒருவர் பொய்யர் ஆகிவிட மாட்டார். மலையடிவாரத்தில் அருவி நீரின் விசையால் ஓட வேண்டிய ஓர் ஆலைக்குக் கம்பெனித் தொடக்கத்துக்கும் உற்பத்திக்கும் நடுவே இரண்டு ஆண்டு பிடிப்பது இயல்பு. மதுரைக்கு வழங்கும் 1889-ஐக் கம்பெனி உருவான ஆண்டாகவும், 1892-ஐ ஆலை ஓடத் தொடங்கிய ஆண்டாகவும் கொண்டால் அந்தச் சிக்கலும் அவிழ்கிறது. தூத்துக்குடி கோரல் மில்லுக்கு 1888 என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அங்கே முரண் குறைவு என்பதால் கேள்வி இல்லை என்று ஆகாது. அது எந்த நிகழ்வின் ஆண்டு என்பதைக் கேட்கத்தான் வேண்டும். ஆண்டுக்குப் பக்கத்தில் ‘நிறுவப்பட்டது’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வதுதான் இத்தனை குழப்பத்துக்கும் வேர்.

இது ஹார்விகளுக்கு மட்டும் நேர்ந்த சிக்கல் அல்ல. எதிர்த் திசையில் போன ஒரு தமிழரைப் பார்த்தால் இதே நோய் தெரியும். 1819-இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, பினாங்கிலிருந்து உடன் வந்தவர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை போட்டார், கட்டட ஒப்பந்தம் எடுத்தார், துணிக்கடை வைத்தார். கடை தீயில் போனது, கடனாளியானார், மறுபடி எழுந்தார். சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் நிறுவனர் என்று இன்றும் மதிக்கப்படுகிறார். அந்தக் கோயிலுக்கும் பல ஆண்டுகள் சொல்லப்படுகின்றன: 1823, 1827, 1843. முதலாவது இடம் கிடைத்த ஆண்டு. இரண்டாவது மரமும் கீற்றுமாகக் கோயில் எழுந்த ஆண்டு. மூன்றாவது, இன்றுள்ள செங்கல் கட்டடத்தின் மிகப் பழைய பகுதிகளுக்கு உரிய ஆண்டு. மூன்றும் சரி, கேள்விதான் மூன்று. 2019-இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு சிலை வைக்கப்பட்டது. அவருடைய உருவப்படம் எதுவும் இல்லாத நிலையில், அந்த முகம் சிற்பியின் ஊகம். இருநூறு ஆண்டு கழித்து ஒருவருக்கு முகமே புதிதாகக் கிடைக்குமானால், அவர் வாழ்க்கைக் குறிப்பில் பிற்காலத்தார் சேர்த்த வேறு பல செய்திகளும் இருக்க இடமுண்டு. புலம்பெயர்ந்த வணிகர்களின் கதைகள் இப்படித்தான் வளர்கின்றன. பிறந்த ஊரின் ஆவணம் ஒரு நாட்டில் கிடக்கும், தொழிலின் ஆவணம் இன்னொரு நாட்டில் கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் இடைவெளியைச் செவிவழிச் செய்தியால் நிரப்புவார்கள்.

ஹார்வி கப்பல் முதலாளியா என்ற கேள்விக்கு வருவோம். 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது, தூத்துக்குடி – கொழும்பு கடல் வழியில் கோலோச்சியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அதன் கப்பல்கள் ஹார்விகளுடையவை அல்ல. ஏ அண்ட் எஃப் ஹார்வி அந்தக் கம்பெனிக்குத் தூத்துக்குடியில் ஏஜென்ட். துறைமுகத்தில் சரக்குக் கொடுக்கப் போனவருக்கும் பயணச்சீட்டு வாங்கப் போனவருக்கும் கண்ணில் பட்ட பெயர் ஹார்வி. ஆகவே ஊர்ப் பேச்சில் கப்பலும் ஹார்வியுடையதானது. இதைப் பிழை என்று ஒதுக்குவதைவிட, இது எதைக் காட்டுகிறது என்று பார்ப்பது நல்லது. அந்தக் காலத்து ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் தம் முதலையும் பிறர் முதலையும் ஒரே அலுவலகத்தில் வைத்து நடத்தின. மில்லை நிர்வகிக்கும் ஏஜென்சியே கப்பலுக்கும் ஏஜென்சி. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் தொடங்கியபோது, அவர்களுக்குத் துணை நின்ற வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் வெறும் மில் நிர்வாகத்தை மட்டும் எதிர்கொள்ளவில்லை; சுதேசிக் கப்பலுக்கு எதிராக நின்ற அதே அலுவலகத்தை எதிர்கொண்டார்கள். முதலாளி, ஏஜென்ட் என்ற வேறுபாட்டைச் சரியாக வைத்துக்கொண்டால்தான், கப்பல் போட்டியும் ஆலைப் போராட்டமும் ஏன் ஒரே ஊரில் ஒரே மனிதர்கள் தலைமையில் அடுத்தடுத்து வெடித்தன என்பது விளங்கும்.

போராட்டங்களிலும் இதே பிரிப்பு வேண்டும். ‘ஹார்வி மில் ஸ்ட்ரைக்’ என்றால் தூத்துக்குடிக்காரருக்கு 1908. கூலி உயர்வு உள்ளிட்ட கோரிக்கைகளுக்கு நிர்வாகம் மார்ச் முதல் வாரத்தில் இறங்கி வந்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. மதுரைக்காரருக்கு அதே சொற்கள் 1918-க்குப் பிந்தைய காலத்தைக் குறிக்கும். அது ‘ரோசாப்பூ துரை’ என்று மக்கள் அழைத்த ஜார்ஜ் ஜோசப், ஆலைத் தொழிலாளர்களைச் சங்கமாக ஒன்று திரட்டிய காலம். இரண்டும் வேறு ஆலை, வேறு தலைமுறை, வேறு தலைவர்கள். பின்னர் 20-ஆம் நூற்றாண்டில் இந்த ஆலைகள் மதுரா மில்ஸ் என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. 1974-இல் அது மதுரா கோட்ஸ் ஆனது. பிற்காலத்து ஒரே கம்பெனியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முற்காலத்தில் தனித்தனியாக இருந்தவையும் ஒன்றாகத்தான் தெரியும். பின்னால் நடந்த இணைப்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது நிறுவன வரலாறுகளில் மிகச் சாதாரணமாக நேரும் பிழை.

இனி முக்கியமான கேள்வி. வறண்ட கரிசலுக்கு வெள்ளைக்காரர் வந்து தொழிலைக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு எதிராக, வந்தவர் கரிசலைச் சுரண்டிக் கொழுத்தார் என்று இன்னொரு கதை உண்டு. இரண்டும் ஒரு விஷயத்தில் ஒத்துப் போகின்றன: கதை ஹார்வியிலிருந்துதான் தொடங்குகிறது. சான்று அப்படிச் சொல்லவில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வரத்து நின்றது, இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறியது, திருநெல்வேலிச் சீமைப் பஞ்சு ‘டின்னெவெல்லி’ என்ற பெயரிலேயே வெளிநாட்டுச் சந்தையில் விற்பனையானது. ரயில் வருவதற்கு முன்பே மாட்டு வண்டிகளில் பஞ்சு தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தது. 1876 வாக்கில் மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை கோவில்பட்டி வழியாக ஓடத் தொடங்கியது. ஹார்விகளின் முதல் ஆலை அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். அதாவது பயிரும் சந்தையும் துறைமுகமும் ரயிலும் அமைந்த பிறகு வந்தவர்கள் அவர்கள். இதை எழுத்துச் சான்றில் சரிபார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஸ்டூவர்ட் எழுதிய திருநெல்வேலி மாவட்டக் கையேடு 1879-இல் வந்தது. அன்றைய மாவட்டத்தின் விளைச்சலையும் வணிகத்தையும் சொல்வதே அதன் வேலை. ஆகவே அது ஒன்றைச் சொல்வதற்கும் சொல்லாமல் விடுவதற்கும் எடை உண்டு. கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு 1881-இல் வந்தது. ஆனால் அது 1801-இல் ஆங்கிலேயர் கைக்கு மாவட்டம் வந்ததோடு கதையை முடித்துக்கொள்கிறது. அதில் ஹார்வி இல்லை, ஆகவே 1881 வரை அவர்கள் இங்கு வரவில்லை என்று வாதிட்டால் அது சான்றே ஆகாது. ஒரு நூலின் மௌனத்தைச் சாட்சிக்கு அழைக்குமுன், அந்த நூல் பேச வேண்டிய விஷயம்தானா அது என்று கேட்க வேண்டும்.

மூன்று ஆலைகளும் எங்கே அமைந்தன என்று வரைபடத்தில் பார்த்தால் இந்த வாதம் இன்னும் பலப்படும். ஒன்றுகூடக் கரிசல் நடுவில் இல்லை. பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசை இருந்தது. தூத்துக்குடியில் துறைமுகம் இருந்தது. நிலக்கரியும் இயந்திரமும் வந்திறங்கவும் நூல் ஏற்றுமதியாகவும் வசதி. மதுரையில் ரயிலும், நூலுக்குக் காத்திருந்த நெசவாளர்களும் இருந்தார்கள். கரிசலில் பஞ்சு இருந்தது, ஆனால் மானாவாரி நிலத்தில் ஆலையை ஓட்டத் தண்ணீரோ எரிபொருளோ இல்லை. ஆகவே பஞ்சு ஆலையைத் தேடிப் போனது. இது ஹார்விகளின் பரோபகாரமும் அல்ல, தனிப்பட்ட வஞ்சகமும் அல்ல. விசை கிடைக்கும் இடத்தில் ஆலை, பஞ்சு விளையும் இடத்தில் விவசாயி என்ற பிரிவினை அது. கோவில்பட்டியில் 1901-இல் அரசு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கி, கருங்கண்ணிப் பருத்தியைத் தேர்ந்து வளர்த்ததும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய நிகழ்வு. ஆலைக்கும் ஏற்றுமதிக்கும் ஒரே தரமான பஞ்சு தேவைப்பட்ட காலத்தில்தான் அரசின் கவனம் விதையின் பக்கம் திரும்பியது. ஆலைகள் நிலையான தேவையை உண்டாக்கின, அதனால் பருத்திப் பரப்பு பெருகியது என்று ஒருவர் வாதிடலாம். அது நியாயமானதே. ஆனால் இருந்த ஒன்றைப் பெருக்கியதும், இல்லாத ஒன்றை உண்டாக்கியதும் வெவ்வேறு. அந்த வேறுபாட்டை ஆண்டுகளின் வரிசைதான் காட்டுகிறது.

கால வரிசை மட்டும் போதாது, தொழில் வரிசையும் தெரிய வேண்டும் என்பதற்கு எட்டயபுரமே சான்று. பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி அரவை ஆலை வைத்து நட்டப்பட்டார், 1898-இல் காலமானார். வெள்ளைக்கார ஆலைகளின் போட்டிதான் அவரைச் சாய்த்தது என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. காலமும் கிட்டத்தட்டப் பொருந்துவதால் மனம் உடனே ஹார்வியை நோக்கிப் போகும். ஆனால் அரவை வேறு, நூற்பு வேறு. அரவை ஆலை பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கிப் பஞ்சைத் தரும். நூற்பாலை அந்தப் பஞ்சை வாங்கி நூலாக்கும். அந்த முறையில் பார்த்தால் நூற்பாலை அரவை ஆலையின் போட்டியாளர் அல்ல, வாடிக்கையாளர். போட்டி என்றால் அது பஞ்சு வாங்கி அரைத்து அழுத்திக் கட்டி ஏற்றுமதி செய்த கம்பெனிகளிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு நிறுவனம் இரண்டையும் செய்திருக்கலாம் என்ற மறுப்பு எழும். எழட்டும்; அப்போது அந்த இரண்டாவது வேலைக்கான சான்றைத் தனியாகக் காட்ட வேண்டும். பக்கத்து ஊர், ஒரே காலம், வெள்ளைக்காரர் என்ற மூன்று பொருத்தங்களை வைத்து ஒரு குடும்பத்தின் வீழ்ச்சிக்கு ஒருவரைக் காரணமாக்குவது, பாரதியின் வரலாற்றுக்கும் நியாயம் செய்யாது, ஹார்வியின் வரலாற்றுக்கும் நியாயம் செய்யாது.

இத்தனை நுணுக்கம் எதற்கு, தொழிலாளியின் நினைவில் ஹார்வி என்பது ஒரே துரைதான், அந்த நினைவைக் காகிதத்தால் அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேள்வியில் பாதி சரி. வெள்ளைக்காரர் வைத்த பதிவேடு தானாகவே உண்மையாகிவிடாது. கம்பெனி தன் விழா மலரில் எழுதிக்கொள்ளும் வரலாறும் ஒரு நினைவுதான், அதுவும் தனக்கு வசதியான நினைவு. ஆனால் ஒவ்வொரு சான்றும் எதை அறியும் இடத்தில் இருந்தது என்று பார்க்க வேண்டும். ஆலைக்குள் எத்தனை மணி நேரம் நின்றோம், மேஸ்திரி எப்படி நடத்தினார், எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு பிடித்தம் என்பதைத் தொழிலாளியின் வாய்மொழிதான் சொல்லும். கம்பெனிப் பதிவேடு அதைச் சொல்லாது. கம்பெனி பதிவான தேதியைப் பதிவாளர் ஆவணம்தான் சொல்லும். வாய்மொழிக்கு அதைத் தெரிந்திருக்க வழியில்லை. சென்னையில் ஆண்டுதோறும் அச்சான அசைலம் பிரஸ் பஞ்சாங்க விவரப் புத்தகங்கள் எந்த நிறுவனம் எந்த ஊரில் இருந்தது என்பதை அந்தந்த ஆண்டிலேயே பதிந்தவை. 1917-இல் வந்த பேட் எழுதிய திருநெல்வேலி கெஜட்டியர் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே எழுதப்பட்டது. ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதியத் தொடங்கியது 1855-இல். பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த குடிக்கணக்கு, யார் எந்த ஆண்டில் அங்கே இருந்தார் என்று காட்டும். பிற்காலத்தில் எழுதப்பட்ட பத்துப் புத்தகங்கள் ஒரே ஆண்டைச் சொன்னாலும், பத்தும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவை என்றால் சாட்சி ஒன்றுதான்.

‘1880-களில் ஹார்வி வந்தார்’ என்று பொதுவாக எழுதிவிட்டால் சிக்கலே இல்லையே என்பது இன்னொரு யோசனை. அது பணிவு போலத் தோன்றும், உண்மையில் கிடைத்த அறிவைத் தூக்கி எறிவது. 1883, 1885, 1889, 1892 என்ற எண்களை ஒவ்வொன்றும் எந்த நிகழ்வுக்கு உரியதென்று குறித்து வைத்தால், அந்தச் சகோதரர்கள் எவ்வளவு வேகமாக ஓர் ஆலையிலிருந்து அடுத்ததற்குத் தாவினார்கள் என்பது தெரியும். முதல் ஆலை ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் இரண்டாவது, அதன் பின்னாலேயே மூன்றாவது. கோரல் மில்லுக்குச் சொல்லப்படும் அதே 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கினார் என்பதையும் பக்கத்தில் வைத்தால், இது தனிமனித சாகசம் அல்ல, தென்னிந்தியப் பஞ்சு நிலங்களை நோக்கி முதலீடு திரண்டு வந்த காலம் என்பதும் தெரியும். மங்கலான ‘1880-கள்’ இதில் எதையும் காட்டாது.

இன்னொரு திசையிலும் இந்த ஒழுங்கு பயன்படும். ஹார்விகள் ஆலை நடத்திய அதே தூத்துக்குடி வழியாகத்தான் மழை பொய்த்த ஆண்டுகளில் கரிசல்காரர்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். தட்டப்பாறை முகாமில் தங்கவைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, கப்பலேறினார்கள். அவர்களும் புலம்பெயர்ந்தவர்கள்தான். அவர்களில் கடை வைத்தவர், கங்காணியானவர், கைப்பொருளோடு திரும்பி வந்து நிலம் வாங்கியவர் என்று பலர் உண்டு. அவர்களைப் பற்றிய குடும்பக் கதைகளிலும் ‘தாத்தா’ என்ற ஒருவரின் தலையில் இரண்டு தலைமுறைகளின் செயல்கள் ஏறியிருக்கும். போன ஆண்டும் கடை வைத்த ஆண்டும் ஒன்றாகியிருக்கும். கங்காணியாக இருந்தவர் தோட்டத்துக்கே முதலாளி ஆகியிருப்பார். ஹார்வி வரலாற்றுக்குப் போடும் கேள்விகளே இவற்றுக்கும் போதும்: ஆள் ஒருவரா பலரா, ஆண்டு எந்த நிகழ்வுக்கு உரியது, உடைமையா முகவாண்மையா, சொல்பவர் அதை அறியும் இடத்தில் இருந்தவரா. பத்திரமும் பழைய கடிதமும் வீட்டில் வைத்திருக்கும் எவரும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. துரைமாரின் வரலாற்றை ஒழுங்காக எழுதப் பழகுவதால் கரிசலுக்குக் கிடைக்கும் பெரிய லாபம், தன் சொந்த மக்களின் வரலாற்றையும் அதே கண்டிப்போடு எழுதும் பழக்கம்தான்.